கைக்காசு – 11: மருந்து படாத சம்பாத்தியம்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து ஒரு புதிய காமிக்ஸ் இதழ் கடைகளுக்கு வந்தது. பெயர் லயன் காமிக்ஸ். முதல் கதை ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஆசிரியர் எஸ்.விஜயனுக்கு அப்போது வயது பதினேழு. அப்பா சௌந்தரபாண்டியன் 1972-லேயே ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழ் பேச வைத்து முத்து காமிக்ஸைத் தொடங்கியவர். வீட்டுக்குள்ளேயே படக்கதை, கைக்கெட்டும் தூரத்தில் அச்சு இயந்திரம் என்று வளர்ந்த பையன், படிக்கப் பிடித்ததையே தொழிலாக்கிக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் லயனும் முத்துவும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.

விருப்பம் வருமானமான கதைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது சிரமம். ஆனால் அதே 1984-ல், அதே ஊரைச் சுற்றிய கிராமங்களில், விஜயனைவிடச் சின்னப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைக்கு ஒரு காமிக்ஸ்கூட வாங்கக் காசு நிற்கவில்லை.

விடியுமுன் கிராமத்து முக்கில் பஸ் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வாய்த்த வேலைகளில் முக்கியமானது கட்டை அடுக்குவது. பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய மரச் சட்டத்தில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைக்க வேண்டும். ஒரு சட்டம் நிறைந்ததும் அதன் மேல் அடுத்தது. இப்படி அடுக்கடுக்காக ஏறி முழுக்கட்டை ஆனதும் அது மருந்து முக்கப் போகும். சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்று சொல்லியே பிள்ளைகளை வைத்தார்கள். கூலி கட்டைக் கணக்கு. பல வீடுகளில் அந்தக் கூலி வருவதற்கு முன்பே பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்தில் கழிந்திருக்கும்.

1983-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை இதை நாடு முழுவதும் தெரியச் செய்தது. ஏறத்தாழ 45,000 பிள்ளைகள் என்ற கணக்கு அப்போதைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. 1990-ல் பெங்களூரு இயக்குநர் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படமே எடுத்தார்.

பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று இன்றைக்கு “எனக்குன்னு கொஞ்சம் காசு சம்பாதிக்கணும்மா” என்று கேட்டால், சிவகாசியிலோ சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ பெரியவர்களுக்குத் தூக்கிவாரிப்போடுவது இதனால்தான். வேறு ஊர்களில் அது சாதாரண ஆசை. கேரம் போர்டு வேண்டும், வரைவதற்கு நல்ல பிரஷ் வேண்டும், காமிக்ஸ் வேண்டும், செஸ் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வேண்டும். அப்பாவிடம் கேட்கக் கூச்சம். இந்த ஆசை நியாயமானது. தன் விருப்பத்துக்குத் தானே காசு சேர்க்கும் பிள்ளை பொருளின் விலையையும் உழைப்பின் விலையையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கிறது. அதை அதட்டி அடக்குவது தவறு. எந்த வாசல் வழியாகப் போகலாம், எதன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் பெரியவர்கள் வேலை.

போகக் கூடாத வாசலை முதலில் பார்த்துவிடலாம்.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு தயாரிப்பைப் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடைசெய்தது. ஆனால் குடும்பமாகச் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கு தந்தது. அந்த விலக்கு வழியாகப் பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணைக்கு வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 1990 தீர்ப்பும் ஒரு நடுவழியைத்தான் தேடியது. தயாரிக்கும் இடத்திலிருந்து தள்ளி, பெட்டிகளைக் கட்டும் வேலையில் மட்டும் பிள்ளைகள் இருக்கலாம். பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும். 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும் என்றது. ‘பொட்டலம் கட்டுறதுதானே, அதுல என்ன ஆபத்து’ என்ற ஊர்ப் பேச்சுக்கு நீதிமன்றமே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தது என்றே சொல்ல வேண்டும். அது நிலைக்கவில்லை. அதே மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி வந்த தீர்ப்பு வேறு தொனியில் பேசியது. அபாயகரமான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தொகையின் வட்டியில் பிள்ளை படிக்க வேண்டும்.

2016 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. பதினான்குக்குக் கீழே எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை அபாயத் தொழில் கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. அபாயத் தொழில் பட்டியலில் பட்டாசு தயாரிப்பு மட்டுமில்லை, அதைச் சேமித்து வைப்பதும் விற்பதும்கூடச் சேரும். தீபாவளி சீசனுக்குப் பத்து நாள் பட்டாசுக் கடையில் நின்றால் கையில் ஒரு தொகை கிடைக்கும் என்று பிளஸ் ஒன் பையன்கள் நினைப்பதுண்டு. பதினெட்டு முடியும்வரை அது கிடையாது.

வீட்டில் வைத்துப் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுவது, பெட்டி ஒட்டுவது? ‘அதுல மருந்தே இல்லையே’ என்பார்கள். மருந்து இல்லை, ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கு இருக்கிறது. இன்று நூறு சுற்றிய பிள்ளை நாளை இருநூறு சுற்றும். வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் பள்ளிக்கூடம் போகாமலும் சுற்றும். இந்த ஊர் அதைப் பார்த்திருக்கிறது.

ஜெர்மனியில் பதிமூன்று முடிந்த பிள்ளை பெற்றோர் சம்மதத்தோடு நாளுக்கு இரண்டு மணி நேரம் வீடு வீடாகப் பேப்பர் போடலாம். பிரிட்டனிலும் பதிமூன்றிலிருந்து சிறு வேலைகளுக்கு அனுமதி உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-வது உடன்படிக்கையும் அந்த வயதில் இலகுவான வேலையை ஏற்கிறது. இந்தியா அதில் 2017-ல் இணைந்தது. நம் சட்டம் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. காட்டாததே சரி. இலகுவான வேலை என்று ஒரு கதவைத் திறந்தால், அதன் வழியாகப் பழைய விடிகாலை பஸ் திரும்ப உள்ளே வந்துவிடும்.

சரி, திறந்திருக்கும் வாசல்கள் எவை?

பதினான்கு முடியாத பிள்ளை சொந்தக் குடும்பத்தின் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம், அது அபாயமற்றதாக இருந்தால். அப்பாவின் பலசரக்குக் கடையில் சீட்டு எழுதுவது, அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டுவது போன்றவை. பள்ளி நேரத்தில் கூடாது; இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை கூடாது; நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சினிமா, விளம்பரத்தில் நடிக்கும் பிள்ளைக்கும் தனி விதி உண்டு: நாளுக்கு ஐந்து மணி நேரம்தான், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அந்த 20 சதவீத விதி நடிக்கும் பிள்ளைக்கு மட்டும் என்று நிற்காமல், பலசரக்குக் கடைப் பிள்ளைக்கும் பூக்கட்டும் பிள்ளைக்கும் வீட்டளவில் பொருந்தினால் எவ்வளவோ நல்லது. அண்ணாச்சி கடையில் கூடமாட நிற்கும் மகனுக்கு வாரம் ஒரு தொகை என்று பேசி, அதைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். ‘எல்லாம் உனக்குத்தானே’ என்று சொல்லிக் கல்லாவிலேயே வைத்துக்கொண்டால் பிள்ளை கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

அப்துல் கலாமின் சின்ன வயதுச் சம்பாத்தியம் என்றால் எல்லோருக்கும் பேப்பர் கட்டுதான் நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதும், ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பேப்பர் கட்டுகளை எடுக்க உறவுக்காரர் சம்சுதீனுக்கு உதவியதும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இருக்கிறது. அதே நூலில் அதற்கு முன்னால் வருவது புளியங்கொட்டை. போரால் திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. எட்டு வயதுச் சிறுவன் கொட்டையைப் பொறுக்கிக் கடையில் போட்டு நாளுக்கு ஓரணா பார்த்தான். யாரிடமும் வேலைக்குச் சேரவில்லை; யாரும் அதட்டவில்லை; வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். விருதுநகர் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய பாடம் புளியங்கொட்டையில்தான் இருக்கிறது. பேப்பர் போடுவது பதினான்கு முடிந்தவர்களுக்குத் தடையில்லாத வேலை என்றாலும், காலை 8 மணிக்கு முன் வேலை கூடாது என்ற விதி அவர்களுக்கும் உண்டு. விடியற்காலையில் ஏஜெண்டிடம் கட்டு வாங்கக் கிளம்பினால் அது இடிக்கும்.

புளியங்கொட்டைக்கு இந்த மாவட்டத்தில் இணை, வேப்பமுத்து. ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும். கரிசல் காட்டு ஓரம், கண்மாய்க் கரை, கோயில் வாசல் என்று மரமில்லாத இடமில்லை. வீட்டாரோடு போய்ப் பொறுக்கிவிட்டு வந்துவிடலாம். பொறுக்குவது எளிது, பக்குவம்தான் காசு. பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையை நீக்க வேண்டும். நன்றாகக் கழுவி, நிழலில் பரப்பி, கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வியாபாரி கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். சாக்குப் பையில், காற்றோட்டமாக வைப்பதே நல்லது. 2015-ல் மத்திய அரசு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு வேப்பமுத்துக்கான தேவை கூடியிருக்கிறது. விருதுநகர் மார்க்கெட் பருப்பு, எண்ணெய், மிளகாய் வத்தலுக்கு விலை சொல்லும் ஊர். “அண்ணாச்சி, கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?” என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டு மூன்றாவது கடையில் போடும் பிள்ளை, வியாபாரத்தின் அரிச்சுவடியைப் படித்துவிட்டது. பஞ்சாயத்து மரங்களைச் சில ஊர்களில் ஏலம் விட்டிருப்பார்கள். அதை விசாரித்துக்கொள்வது மட்டும் அவசியம்.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி, காகிதம். டைரி, நோட்டு, காலண்டர் என்று ஊரே அச்சு ஊர். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிடும். அச்சகங்களில் விழும் ஓரக் காகிதத்தை எடைக்கு வாங்கி, வீட்டில் ஊசி நூலால் தைத்துச் சின்னக் குறிப்பேடு செய்யலாம். மேலட்டையில் கையால் படம் வரைந்தால் நண்பர்கள் வாங்குவார்கள். கட்டிங் மெஷின் பக்கம் போகாமல், கத்தரிக்கோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படம் வரையும் பிள்ளைகள் பக்கத்துக் கோவில்பட்டியின் கொண்டையராஜுவைத் தெரிந்துகொள்வது நல்லது. நாடகத்துக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசிக் காலண்டர்களாகத் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் தொங்கின.

இத்தனைக்கும் மேலே, பொழுதுபோக்குக்கே நேரடியாகக் காசு தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் பலருக்குத் தெரியாது. பள்ளிகளும் பெரிதாகச் சொல்வதில்லை. அஞ்சல் துறை 2017-ல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம் அது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை படித்துக்கொண்டே தபால்தலை சேகரிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை. மாதம் 500 என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,500 ஆகக் கணக்கில் விழும். முந்தைய ஆண்டுத் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு. பள்ளியின் தபால்தலை மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். பள்ளியில் மன்றம் இல்லையென்றால் 200 ரூபாய் கட்டித் தபால்தலை வைப்புக் கணக்கு தொடங்கியிருந்தாலே போதும். அந்தப் பணத்துக்குப் புதிதாக வெளியாகும் தலைகள் வீட்டுக்கே வரும். முதலில் ஒரு எழுத்துத் தேர்வு. அதில் தேறினால், தரும் தலைப்பில் தபால்தலைகளைக் கொண்டு ஒரு செய்முறைத் தொகுப்பு. அஞ்சல் வட்டத்துக்கு, வகுப்புக்குப் பத்துப் பேர். அதாவது தமிழ்நாட்டுக்கு மொத்தம் நாற்பது, நாடு முழுவதும் 920. போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டாலும் சேகரித்த தலைகள் கையிலேயே இருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை அடுத்தடுத்த ஆண்டும் முயலலாம்.

தொடங்கப் பெரிய முதல் வேண்டாம். விருதுநகரின் பழைய கமிஷன் மண்டிகளுக்கு வட நாட்டிலிருந்து கடிதம் வந்து குவிந்த காலம் உண்டு. தாத்தா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். உறையிலிருந்து தலையைப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டுக் கத்தரித்து, சாதாரணத் தண்ணீரில் முகம் மேலாக மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை இளகித் தலை தானாக வழுக்கி வரும். பழைய பேப்பரில் கவிழ்த்துக் காயவைத்து, தடித்த புத்தகத்துக்குள் ஒரு இரவு வைத்தால் சுருக்கம் போய்விடும். அதன் பிறகு விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் நாளடைவில் கறையாகும். மாவட்டத்துக்காரர்களுக்கு முதல் பக்கத்துக்கான தலைகளும் தயார். 1976-ல் காமராஜருக்குத் தலை வந்தது. 2005-ல் நாட்டு நாய் இனங்களுக்கு நான்கு தலைகள் வந்தபோது அதில் ஒன்று ராஜபாளையம்.

காமராஜர் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரும் சிறுவனாக வேலைக்குப் போனவர்தான். அப்பா இறந்த வீட்டில், பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்போடு விட்டுவிட்டு மாமா கருப்பையாவின் துணிக்கடையில் உட்கார்ந்தார். அவர் படித்த சத்திரிய வித்யாசாலை 1889-ல் விருதுநகர் வியாபாரிகளின் மகமையிலும், வீடுதோறும் உலை வைக்குமுன் எடுத்துவைத்த பிடி அரிசியிலும் எழுந்த பள்ளி. ஊரே சேர்ந்து கட்டிய பள்ளியிலிருந்து ஊரின் பிள்ளை வறுமையால் வெளியேறினான். பின்னாளில் முதலமைச்சராக அவர் மதிய உணவைக் கொண்டுவந்ததும், கிராமந்தோறும் பள்ளி திறந்ததும் அந்தத் துணிக்கடையோடு தொடர்பில்லாத காரியங்கள் அல்ல.

படிப்பிலேயே கெட்டியான பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமான வரம்பு உண்டு. அந்தத் தொகை படிப்புக்குத்தான். ஆனாலும் மாதம் ஆயிரம் வரும்போது அதில் நூறு ரூபாயைப் பிள்ளையின் விருப்பத்துக்கு ஒதுக்கும் பெற்றோர் ஒரு தப்பும் செய்துவிடவில்லை.

கடைசியாக, சேர்ந்த காசை வைக்க இடம். பத்து வயது நிரம்பிய பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். 500 ரூபாய் போதும். வங்கிகளும் பத்து வயதுக்கு மேல் இதை அனுமதிக்கின்றன. வேப்பமுத்துக் காசோ குறிப்பேட்டுக் காசோ, முதலில் அங்கே போய்ச் சேரட்டும். தபால் நிலையத்துக்குப் போகும் அன்றைக்கே ஸ்பர்ஷ் தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்றும் கேட்டுவிடலாம். சின்ன ஊர்க் கிளை அலுவலகத்தில் விவரம் கிடைக்காவிட்டால் விருதுநகர், சிவகாசித் தலைமை அஞ்சலகங்களில் விசாரிக்கலாம். எங்காவது பிள்ளையைப் பட்டாசு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் அழைக்க வேண்டிய எண் 1098, கட்டணம் கிடையாது.

பதினெட்டு முடிந்து, கல்லூரிக்குப் போய்க்கொண்டே பகுதி நேரம் வேலை பார்ப்பவர்களின் சம்பளக் கணக்கும் பி.எஃப். பிடித்தமும் அடுத்த இதழில்.

(தொடரும்)